சென்னியப்பன் வீட்டு வாஸ்து

"மேக்கால பக்கம் கூரையை நாலடி எறக்கிப்போடுங்க அம்மணி" என்றார் சென்னியப்பன்.

ஜெனிதா தன் கையிலிருந்த பிளானை மறுபடியும் அவர் முன்னால் விரித்தாள்.

இன்ஜினியர் என்று தனியாக போர்டு மாட்டிய பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை இது. சூலூரில் சென்னியப்பனின் ஓட்டு வீடு. மகன் கல்யாணத்துக்குள் மேற்குப் பக்கம் ஓர் அறை கூட்டிக் கட்ட வேண்டும். எல்லோரையும் போல ஓட்டு வீட்டை ஒட்டி ஒரு கான்கிரீட் டப்பாவை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. பழைய கூரையின் அதே உயரம், அதே சரிவு, அதே ஓடு. எது பழசு, எது புதுசு என்று பார்க்கிறவர்கள் திணற வேண்டும். அதை அப்படியே ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் அடுத்த வேலை தானாக வரும் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குங்கண்ணா எறக்கோணும்?"

"வாஸ்துங்க."

சென்னியப்பன் வாயிலிருந்து வாஸ்து. இது சூலூருக்கே செய்தி. மனிதர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். ஊருக்குள் யார் வீடு கட்டினாலும் கூப்பிடாமலே போய், வாஸ்துவெல்லாம் சுத்தப் பொய் என்று ஒரு மணி நேரம் பேசி, அவர்கள் வீட்டுக் காபியையும் குடித்துவிட்டுத்தான் திரும்புவார். அவர் பேச்சைக் கேட்டு வாசலை மாற்றாமல் விட்ட கோவிந்தராஜுலு, இந்தச் செய்தி காதில் விழுந்த அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று கேள்வி.

சென்னியப்பன் அதோடு விட்டாரா? மூன்று நாள் காலையில் பட்டறைக்குக்கூடப் போகாமல், உயரமான மூங்கில் ஒன்றை நட்டுவைத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால் அதுவும் வாஸ்துதானாம்.

மேற்கே மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு முத்தாத்தாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவளுக்கும் சென்னியப்பனுக்கும் பதினோரு வருஷச் சண்டை. முத்தாத்தாள் வடகம் போட்டுத் திருப்பூர் வரைக்கும் கடைகளுக்குக் கொடுக்கிறவள். வாசலில் வரிசையாகக் கட்டில் போட்டு வடகம் காய வைப்பாள். வடகத்துக்குக் காக்காய் வரும். தின்ற காக்காய் சென்னியப்பன் வீட்டு மதிலில் உட்கார்ந்து, அவருடைய பைக்கைப் பாழாக்கிவிட்டுப் போகும். தினமும் காலை எட்டு மணிக்குக் கச்சேரி ஆரம்பம். சண்டை என்றாலும் இரண்டு பேர் வாயிலும் மரியாதை மட்டும் குறையாது.

"ஏனுங்க, உங்க காக்காயைக் கொஞ்சம் கட்டி வெச்சுக்கறீங்ளா?"

"உங்க வண்டியை ஊட்டுக்குள்ள படுக்க வெச்சுக்கங்க."

இப்படியே போகும்.

ஜெனிதா எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள். சென்னியப்பன் அசையவில்லை. கடைசியில் அவர் சொன்னபடியே கட்டி முடித்தாள். ஓடு வேய்ந்த அன்று தெருவே திரண்டு வந்து பார்த்தது. பழைய கூரை கம்பீரமாக நிற்க, அதிலிருந்து புதுக் கூரை மேற்கே சரிந்து, சரிந்து, மதில் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டது போல் இருந்தது. அதைப் பெருமையாகச் சுற்றிக்காட்ட வந்த சென்னியப்பன் கூரை நுனியில் நங்கென்று மண்டையை இடித்துக்கொண்டார்.

மதிலுக்கு மேல் முத்தாத்தாளின் தலை எழும்பியது.

"வாஸ்து மண்டைக்குள்ளயே எறங்கிருச்சுங்ளாட்ட இருக்குது."

தெரு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சென்னியப்பனும் மண்டையைத் தடவிக்கொண்டே சிரித்தார். ஜெனிதாவுக்குத்தான் அழுகை முட்டியது. இந்த வேலையைத் தான் செய்ததாக யாரிடமும் சொல்லப்போவதில்லை, போட்டோவும் கிடையாது என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஓடு எல்லாம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க ஏணியில் ஏறினாள்.

ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கிழக்கிலிருந்து வந்த வெயில், புதுக் கூரையின் சரிவு வழியாக வழுக்கிக்கொண்டு போய் முத்தாத்தாள் வாசலில் இறங்கியிருந்தது. வீட்டின் நிழல் மதிலோரத்து முதல் கட்டிலின் காலைத் தொட்டதோடு சரி. மூங்கில் நட்டு, சாக்பீஸால் கோடு போட்டு அளந்தது போல, அதற்கு மேல் ஓர் அங்குலம் இல்லை. ஆறு கட்டில் வடகமும் பளீரென்று காய்ந்துகொண்டிருந்தது.

அவள் பிளான்படி கட்டியிருந்தால் கூரை நாலடி எழும்பியிருக்கும். வெயில் நன்றாக ஏறும்வரை பாதிக் கட்டில்கள் நிழலில்தான் கிடந்திருக்கும். அந்த பிளானில் மதிலுக்கு அந்தப் பக்கம் அவள் எதையுமே வரையவில்லை. வெறும் வெள்ளைத்தாள்.

வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. செல்போனை எடுத்து, புதுக் கூரையோடு அந்த ஆறு கட்டிலும் சேர்ந்து விழும்படி ஒரு போட்டோ எடுத்தாள்.

கீழே சென்னியப்பன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது வாஸ்து இல்லீங்க. வடகமுங்க."

அவர் பதறிப்போய் மதிலைப் பார்த்தார். குரல் தாழ்ந்தது.

"மெதுவாப் பேசுங்க அம்மணி. அந்தம்மா தனியா நின்னு புள்ளை லோகப்பிரியாவை நர்சிங் படிக்க வெக்குது. அந்த வெயில நான் மறைக்கலாமுங்ளா?"

"அதை வெளிய சொல்லிப்போடலாமுங்ளே. தெருவே உங்களப் பாத்துச் சிரிக்குதுங்க."

"சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க" என்றார் சென்னியப்பன். "வெசயம் தெரிஞ்சா அந்தம்மா கையெடுத்துக் கும்புட வந்துருமுங்க. அப்பறம் காத்தால எட்டு மணிக்கு நான் யாருகூடச் சண்டை போடறது?"