தொட்டிலுக்கு மேலே ஒரு குழாய்

ஏரி ஓரத்தில் பனிக்கட்டி இன்னும் மிச்சமிருக்கிறது. குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்த கோடை வீட்டுக்குள், கைக்குழந்தை ஐலா தொட்டிலில் தூங்குகிறாள். வெளியே அவள் அம்மா துய்ரே பம்பின் வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்குகிறாள். "போட்டுடவா, எஸ்கோ?" "போடுடி, காப்பிக்குத் தண்ணி வேணாமா?" என்று சிரிக்கிறான் புருஷன். சுவிட்சைப் போடுகிறாள். பம்பு இரண்டு முறை இருமிவிட்டு உறுமுகிறது. அடுத்த நொடி வீட்டுக்குள் 'டமார்' என்று சத்தம். இருவரும் விழுந்தடித்து ஓடுகிறார்கள். உறைபனியில் விரிசல் கண்டிருந்த குழாய் பலகைச் சுவரைப் பிளந்துகொண்டு தொட்டிலுக்குள் பீய்ச்சியடிக்கிறது. துய்ரே குழந்தையை வாரி எடுக்கிறாள். ஐலாவின் கண்கள் அகலத் திறந்திருக்கின்றன, வாயும் திறந்திருக்கிறது, மூச்சு மட்டும் வரவில்லை. "அழுடி, என் கண்ணு, அழுடி!" எஸ்கோ நனைந்த துணியை உரித்து, சின்ன முதுகைத் தேய்தேய் என்று தேய்க்கிறான். ஐலா வீறிடுகிறாள். துய்ரே ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். தண்ணீர் மூவர் மேலும் கொட்டுகிறது. பம்பை நிறுத்த வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.