முடிவைச் சொன்னவர்

"பழனி அண்ணன் முடிவைச் சொல்லிட்டாரு லோகா! கோமுட்டர் ரயில்ல என் ரெண்டு காதாலயும் கேட்டேன்!"

ரமணி இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. மாடிப்படி ஏறிய மூச்சிரைப்பு வேறு, கோபம் வேறு.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடுகிற வாசகர் குழு அது. இப்போது படிப்பது 'ஏழாம் கலம்' என்ற பழைய விண்வெளித் தொடர். மொத்தம் ஐந்து பாகம். எண்பதுகளில் வந்தது, இன்றைக்கு எந்தக் கடையிலும் கிடையாது. இருக்கிற ஒரே செட் கிள்ளான் பழனியப்பனுடையது. கை மாறிக் கை மாறி எல்லாரும் நாலு பாகம் முடித்துவிட்டார்கள்.

கேப்டன் தாரிணி பூமிக்குத் திரும்புவாளா, மாட்டாளா? அது ஒன்றுதான் மிச்சம்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். முடிவு தெரிந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் குழுவை விட்டு வெளியே! போட்டவள் லோகேஸ்வரி. வக்கீல் ஆபிஸில் வேலை பார்ப்பவள், கேட்கவா வேண்டும்?

"யாருகிட்ட சொன்னாரு?"

"புனிதாகிட்ட. நடுவுல நான் ஏறிப் பின் சீட்ல உட்கார்ந்ததை ரெண்டு பேரும் பார்க்கல. கடைசியில தாரிணி என்ன ஆகுறான்னா..."

"ஐயோ, நிறுத்துடி! நீயும் சொல்லித் தொலைக்காதே!" லோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டாள்.

ஜவுளிக்கடை ஜுஹைர் சிரித்தார். "ரொம்பத்தான் பண்றீங்க லா. ரோபோ பேசுது, ராக்கெட்டு பறக்குது, ஆனா கப்பலுக்குள்ள டெலிபோனுக்கு வயரு! ரெண்டாயிரத்து இருபதுல எல்லாரும் செவ்வாய்ல குடியிருப்போம்னு எழுதியிருக்கான். நாம இன்னும் ஃபெடரல் ஹைவே ஜாம்லதான் குடியிருக்கோம். இந்தக் கதைக்கு இவ்வளவு சண்டையா?"

"வயரை விடுங்கண்ணே. அவ தனியா தவிக்கிறதைப் படிச்சு நான் அழுதிருக்கேன். கடைசிப் பாகத்துக்கு எப்படிக் காத்திருந்தேன்! எல்லாம் போச்சு," என்றாள் ரமணி.

அந்த நேரம் பார்த்துப் பழனியப்பன் வந்தார். கையில் ஐந்தாம் பாகம்.

"அண்ணே, புனிதாகிட்ட முடிவைச் சொன்னீங்களா, இல்லையா?" லோகேஸ்வரி நேராகவே கேட்டாள்.

அவர் ரமணியைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது. "சொன்னேன்மா."

"ஏன்?"

"கேட்டுச்சு. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடறதா? அப்புறம் சட்டம் எதுக்கு? எங்க அந்தப் புனிதா?"

"அது கொஞ்ச நாளைக்கு வராது. வேலை இருக்காம்."

"முடிவுதான் தெரிஞ்சுபோச்சே, இனி எதுக்கு வரணும்!" என்று ரமணி வெடுக்கென்று சொன்னாள்.

லோகேஸ்வரிக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே வாட்சாப் குழுவிலிருந்து அவரை நீக்கினாள்.

பழனியப்பன் முகம் வாடிப்போனது. டயர் கடை, வீடு என்று கிடக்கிற மனுஷனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் சந்தோஷம். ஐந்தாம் பாகத்தை மேசையில் வைத்தார்.

"புக்கு இங்கேயே இருக்கட்டும். புனிதா வந்ததும் முதல்ல அதுகிட்ட கொடுங்க. அதுவரைக்கும் யாரும் பிரிக்க வேணாம்."

"முடிவு தெரிஞ்சவளுக்கா முதல்ல? நல்லா இருக்கே நியாயம்!" என்றாள் ரமணி.

"என் புக்குமா. இது ஒண்ணுதான் கேட்கிறேன்."

படி இறங்கிப் போய்விட்டார். புத்தகம் லோகேஸ்வரியின் பையிலேயே கிடந்தது.

இரண்டு மாதம் கழித்துப் புனிதா வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மெதுவாக ஏறி வந்தாள்.

"பழனி அண்ணே எங்க?"

லோகேஸ்வரி நடந்ததைச் சொன்னாள். புனிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவிங்களா! எனக்கு இருதய ஆபரேஷன். பொழைப்பேனோ மாட்டேனோன்னு ஒரே பயம். தாரிணி வீடு போய்ச் சேர்ந்தாளான்னு தெரியாமலே போயிடுவேனோன்னு நான்தான் அவருகிட்ட கெஞ்சினேன். ஆபரேஷன் விஷயத்தை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் வேற வாங்கினேன். அதான் மனுஷன் வாயே திறக்கல!"

ரமணி தலையைக் குனிந்துகொண்டாள். லோகேஸ்வரி ஐந்தாம் பாகத்தை எடுத்துப் புனிதாவிடம் கொடுத்துவிட்டு, பழனியப்பன் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.

தெரிந்த முடிவுதானே என்று புனிதா நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். படித்தாள். முந்தின பக்கத்தைப் புரட்டினாள். மறுபடியும் படித்தாள்.

"ஏய், இது அண்ணன் சொன்ன முடிவே இல்லையே!"

"என்னது?" ரமணி பாய்ந்து வந்தாள். "பூமிக்கு வந்து, அவளுக்காகக் காத்திருக்கிற அந்த டாக்டரைக் கட்டிக்கிறா. அப்படித்தானே சொன்னாரு?"

"அப்படித்தான் சொன்னாரு. இதுல டாக்டரையே காணோம்!"

"அப்புறம் என்னதான் ஆகுது?"

"சொல்லாதே!" என்று லோகேஸ்வரி கத்தினாள். அதற்குள் பழனியப்பன் போனை எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான் புனிதா. பிரிக்பீல்ட்ஸ்ல இருக்கேன்."

"மாடி ஏறிட்டியாம்மா?" என்று அவசரமாகக் கேட்டார்.

"ஏறிட்டேன். கடைசிப் பக்கத்தையும் படிச்சிட்டேன். ஏண்ணே அன்னைக்கு என்கிட்ட பொய் சொன்னீங்க?"

டயர் கடைச் சத்தத்துக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது.

"நெசமான முடிவைச் சொல்லிட்டா, நீ எந்திரிச்சு வந்து படிக்கிறதுக்கு என்னம்மா மிச்சம் இருக்கும்?"