எழுந்து நின்றவர்கள்

“மாமா, நீங்க வாசிக்கறத யாரும் கவனிக்கவே கூடாது. அவ்வளவுதான் வேலை!”

மைத்துனன் ஒப்பந்தத் தாளை மேஜைமேல் நகர்த்தினான். செல்போனில் பாட்டுக் கேட்க வைக்கும் நிறுவனம் ஒன்றில் அவனுக்கு நல்ல பதவி. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா புருஷன் இருபத்திரண்டு வருஷமாக சாக்ஸபோனில் ஜாஸ் வாசிப்பவர்.

“கவனிக்கக் கூடாதுன்னா என்ன எழவுக்குடா வாசிக்கணும்?”

“படிக்கறவன் படிப்பான், வேலை பாக்கறவன் பாப்பான். பின்னாடி அது பாட்டுக்கு ஓடணும். எவனாவது தலை நிமிர்ந்து பாத்தான்னா அந்தப் பாட்டு ஃபெயில். இந்தக் கடையில இப்ப ஓடுது பாருங்க, அந்த மாதிரி.”

காபி ஷாப் ஒலிபெருக்கியில் ஜாஸ் என்ற பெயரில் ஏதோ ஒன்று வழவழவென்று போய்க்கொண்டிருந்தது.

“இதுவா? பல் டாக்டர் ஊசி போட்டா ஈறு மரத்துப்போகுமே, அப்படி இருக்கு. ஏன்டா, போன வருஷம் நான் போட்ட ஆல்பத்தைக் கேட்டியா நீ?”

“கேட்டேன்... பாதி.”

“பாதி!”

“கோவிச்சுக்காதீங்க. நீங்க வாசிக்கறது பெரிய விஷயம்தான், யாரு இல்லேன்னு சொன்னா? கேக்க ஆள் வேணுமே! அக்கா ஒருத்திதான் முழுசாக் கேட்டா. அதுவும் நீங்க பக்கத்துல உக்காந்திருந்ததால.”

அவருக்குச் சுருக்கென்றது. பேனாவை எடுத்தார்.

“முன்னப்பின்ன தெரியாத ஒரே ஒரு ஆள் தானா என் பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்டிருந்தா, சத்தியமா இதுல கையெழுத்துப் போடமாட்டேன்டா.”

முதல் எழுத்தைக்கூட முடிக்கவில்லை. அந்த வழவழப்பு சட்டென்று நின்றது. ஒரு சாக்ஸபோன் வீறிட்டது.

“டேய்... இது என்னுது!”

அவருடைய ஆல்பமேதான்! கல்லாவில் நின்ற கடைக்காரம்மா தன் செல்போனில் எடுத்துப் போட்டிருந்தார். லேப்டாப்புக்குள் முங்கிக் கிடந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. சிலர் எழுந்தே நின்றுவிட்டார்கள். நாலைந்து பேர் கல்லாவுக்கே போனார்கள்.

“பாத்தியா? யார் வாசிச்சதுன்னு கேக்கப் போறாங்கடா!”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பந்தத்தை நாலாகக் கிழித்து மைத்துனன் கையிலேயே திணித்தார்.

“போ, கொண்டுபோய் உங்க கம்பெனியில காட்டு.”

அவர் கல்லாவுக்கு விரைந்தார்.

“அம்மா, இந்தப் பாட்டு... நீங்களாவா தேடிப் போட்டீங்க?”

“ஆமா சார். தினமும் இதேதான். ஒரு நாள்கூட விட்டதில்ல.”

“தினமுமா? அவ்வளவு பிடிக்குமா?”

“ஐயோ, நீங்க வேற! ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடணும். வாயால சொன்னா ஒருத்தரும் நகர மாட்டாங்க. இதைப் போட்டா அஞ்சே நிமிஷத்துல கடை காலி. நீங்கதான் சார் இன்னும் கிளம்பல.”