இரண்டு நாள் கோபம்

நாத்தனார் உள்ளே வந்தபோது, பால்கனியில் அவள் அந்தச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், என்ன காரியம் பண்றே?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். கையில் திருநீற்றுப்பச்சை. வேரில் ஈரமண்.

"அண்ணி... வர்றதா சொல்லவே இல்லையே."

"சொல்லிட்டு வந்திருந்தா இது கண்ணுல பட்டிருக்குமா? என் தம்பியோட மூத்த பொண்டாட்டி சாகறதுக்கு முன்னாடி வச்ச செடி இது. பொண்ணு தினமும் ஒரு இலையைக் கிள்ளி மோந்து பாத்துட்டுத்தான் பள்ளிக்கூடம் போறா. அம்மான்னு அவளுக்கு மிச்சம் இருக்கிறது இவ்வளவுதான். அதுகூடவா உன் கண்ணை உறுத்துது?"

"மெதுவா பேசுங்க அண்ணி. அவ வர்ற நேரம்."

"வரட்டும். நானே சொல்றேன்."

மண்கையோடேயே அவள் நாத்தனாரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"இது அக்கா வச்ச செடி இல்ல."

"என்னது?"

"இந்த வெயிலுக்கு ஆறு மாசம் தாங்கினா அதிகம். பூவைக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தேன், நிக்கல. பூத்துட்டா தண்டு கட்டையாகி, இலை கசந்து, பட்டுப்போயிடுது. அதான் முன்கூட்டியே ஒரு கொழுந்தைக் கிள்ளித் தண்ணியில போட்டு வச்சிடுவேன். பத்து நாள்ல வேர் விடும். அவ இல்லாத நேரமா பாத்து மாத்திடுவேன்."

சமையலறையிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துவந்தாள். உள்ளே வெள்ளை வேர்கள்.

"எத்தனை தடவை?"

"மூணு வருஷத்துல இது ஆறாவது. உங்கம்மா செடி செத்துப்போச்சுன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

"இத்துனூண்டு இருக்கே, கண்டுபிடிக்க மாட்டாளா?"

"சமையலுக்கு வெட்டிட்டேன்னு சொல்லுவேன். கத்துவா. ரெண்டு நாள் என்கூடப் பேச மாட்டா. போகட்டும்."

அவள் டம்ளரிலிருந்த கன்றைத் தொட்டியில் நட்டாள். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து மண் அணைத்துக் கொடுத்தாள்.

பெண் வந்தாள். பால்கனியைப் பார்த்ததும் பையை வீசி எறிந்தாள்.

"மறுபடியும் வெட்டிட்டீங்களா சித்தி? உங்களுக்கு வேற இலையே கிடைக்காதா?"

அறைக் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

நாத்தனாருக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலேயே போய்க் கதவைத் திறந்தாள்.

"கோவிச்சுக்காதடி கண்ணு. சித்தி வேணும்னு பண்ணலை."

"தெரியும் அத்தை," என்றாள் பெண், குரலைத் தாழ்த்தி. "நான் கோவிச்சுக்கலைன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு சித்தி கண்டுபிடிச்சிடுவாங்க."