புதன்கிழமை வெள்ளை

புதன்கிழமையானால் பள்ளிக்கு வெள்ளை ஷூ போட்டுத்தான் வர வேண்டும். அழுக்கு ஷூவோடு வந்தால், பிரேயர் முடியும்வரை எல்லோர் முன்னாலும் பி.டி. சார் நிற்க வைத்துவிடுவார்.

அன்று பார்த்து ஒன்பதாம் வகுப்பு ஜெசிந்தாவின் ஷூ வழியில் சேற்றில் இறங்கிவிட்டது. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள், கறை போகவில்லை. ஓடிப்போய் வகுப்புக் கரும்பலகைக்குக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்தாள்.

“கணக்குப் போட வந்தவன் நான். உன் சேத்துக்காக நான் தேயணுமா?” என்று முறைத்தது சாக்பீஸ்.

“எனக்காக வேண்டாம்ணே. முன்னால நிறுத்தினா இந்தப் பிள்ளை அழுதுடும்,” என்றது ஷூ.

சாக்பீஸ் முணுமுணுத்துக்கொண்டே பாதியாகத் தேய்ந்தது. ஷூ பளிச்சென்று ஆனது.

பிரேயரில் பி.டி. சார் குனிந்து பார்த்தார். “ஷூன்னா இப்படி இருக்கணும்!” என்றவர், நிமிர்ந்து “அட்டென்ஷன்!” என்று காலை ஓங்கித் தரையில் தட்டினார்.

அவருடைய ஷூவிலிருந்து குப்பென்று வெள்ளைத் தூள் பறந்தது.

“அண்ணே, உங்களுக்கு எந்த வகுப்பு சாக்பீஸ்?” என்று மெல்லக் கேட்டது ஜெசிந்தாவின் ஷூ.

“பத்தாம் வகுப்பு பி பிரிவு. வெளியே சொல்லிடாதே, தங்கச்சி,” என்றது சாருடைய ஷூ.