உம்முத் தூத் காலமானார்

“பச்சை மேல சிவப்பு அடிக்கறீங்களே, கை கூசலையா?”

நகராட்சியின் மூன்றாம் எண் அறையில் நின்று கேட்டாள் நர்ஸ் நுஹாத்.

வரைபடக்காரர் ஃபாயெஸ் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. ஊர் வரைபடத்தில் ‘உம்முத் தூத்’ என்று எழுதியிருந்த திடல் பாதி சிவந்திருந்தது. பச்சை என்றால் திறந்தவெளி. சிவப்பு என்றால் கடைகள்.

“தலைவர் உத்தரவு, நர்ஸம்மா. நான் வரையற ஆள்.”

“அந்தத் திடல்ல தினம் என் நோயாளிங்க அறுபத்தோரு பேர் நடக்கறாங்க. ஒவ்வொருத்தர் பேரும் என் நோட்டுல இருக்கு. பாதிப் பேருக்கு டாக்டர் சர்க்கரை மாத்திரையைக் குறைச்சிருக்கார். கடை கட்டிட்டா எங்க நடப்பாங்க, நெடுஞ்சாலையிலயா?”

“ஆட்சேபணை எழுதிக் கொடுங்க. பதினஞ்சு நாள் இருக்கு. ஊர்ல இருநூறு பேர் கொடுத்தா பச்சை பச்சையாவே இருக்கும். அறிவிப்பு ஒட்டியாச்சே.”

“எங்க?”

“தாழ்வாரத்துல.”

அவள் போய்ப் பார்த்தாள். தீயணைப்புக் கருவிக்குப் பின்னால் ஒரு தாள். வந்த வேகத்தில் திரும்பினாள்.

“அதைப் பல்லிதான் படிக்கும்! இந்த ஊர்க்காரங்க சுவர் முன்னால நின்னு படிக்கற காகிதம் ஒண்ணே ஒண்ணு. சாவு அறிவிப்பு!”

ஃபாயெஸ் சிவப்புப் பென்சிலைச் சீவினார்.

“சீவுங்க, நல்லாச் சீவுங்க” என்று கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேக்கரிச் சுவர், மசூதி வாசல், மாதா கோயில் மதில் எங்கும் கறுப்புக் கரை போட்ட தாள்கள்.

‘உம்முத் தூத் காலமானார். வயது நூற்றிருபது. பிரிவால் வாடுவோர்: தினமும் அவர் மடியில் நடந்த அறுபத்திரண்டு நோயாளிகள், பந்து விளையாடிய பிள்ளைகள். துக்கம் விசாரிக்க: நகராட்சி, மூன்றாம் எண் அறை, திங்கள் முதல். அடையாள அட்டையுடன் வரவும்.’

பேரையும் வயதையும் இடத்தையும் தாண்டி யாரும் கவனமாகப் படிக்கவில்லை. ‘தூத்’ என்றால் மல்பெரி. மரங்கள் நின்றதால் யாரோ எப்போதோ ‘மல்பெரியின் அம்மா’ என்று வைத்த பேர் அது. ஆனால் ஊரார் வாயில் அது வெறும் திடல்தான். அந்தப் பேர் வரைபடத்தில் மட்டுமே மிச்சம். மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லித் தாயை ‘உம்மு’ என்று அழைக்கும் ஊரில், உம்மு ஹானி, உம்மு வலீத் மாதிரி உம்முத் தூத்தும் யாரோ ஒரு பெரியம்மா என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

தெரிந்தவரோ தெரியாதவரோ, துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? திங்கட்கிழமை துக்க உடைகளால் தாழ்வாரம் கறுத்துவிட்டது.

“எந்த உம்முத் தூத்? என் கல்யாணத்துக்கு வந்தாங்களே, அவங்களா?” என்றார் அபூ ஹானி.

“வந்துதான் இருப்பாங்க. நூத்தியிருபது வயசாச்சே!” என்றார் பக்கத்தில் நின்றவர்.

உள்ளே ஃபாயெஸ் நிமிராமல் சொன்னார்: “ஆள் இல்லீங்க, திடல். கடை கட்டப் போறாங்க. ஆட்சேபணை இருந்தா இதான் படிவம்.”

அபூ ஹானிக்கு முகம் சிவந்தது. “நான் நடக்கற திடலா? இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை வீணாப் போகக் கூடாது. கொடு பேனாவை!”

சத்தம் கேட்டுத் தலைவர் இறங்கி வந்தார். வரிசையில் நின்ற நுஹாத்தைப் பார்த்ததும் விரலை நீட்டினார்.

“இது உங்க வேலைதானே?”

“நான் ஒட்டியிருந்தா, கொன்னவர் பேரையும் போட்டிருப்பேன்.”

“ஃபாயெஸ், கதவைச் சாத்து!”

“துக்கத்துக்கு வந்தவங்க முகத்துல நான் எப்படிங்க சாத்தறது? நீங்களே சாத்துங்க.”

தலைவர் கதவைப் பிடித்தார். அதற்குள் அபூ ஹானி அவருடைய கையைப் பற்றிவிட்டார்.

“இறைவன் உங்களுக்கு ஆறுதல் தரட்டும்.”

“உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும்” என்று இழவு வீட்டார் சொல்லும் பதிலைச் சொன்னது தலைவரின் வாய், நாற்பது வருடப் பழக்கத்தில்.

“கேட்டீங்களா? இழவுன்னு அவரே ஒத்துக்கிட்டார்!” என்று கத்தினாள் நுஹாத்.

தாழ்வாரமே சிரித்தது. தலைவர் மாடிப்படி ஏறினார். கதவு திறந்தே கிடந்தது.

பதினைந்தாம் நாள், முந்நூற்றுப் பன்னிரண்டு ஆட்சேபணைகள்.

மறுநாள் நுஹாத் வந்தபோது ஃபாயெஸ் வரைபடத்தில் சிவப்பை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தார்.

“பார்க்கவே குளிர்ச்சியா இருக்கு” என்றாள். “நீங்க அடிச்ச சிவப்பை நீங்களே அழிக்கறீங்க. அந்த அறிவிப்பை எழுதின புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சா ஒரு தட்டு பக்லாவா இனிப்பு அனுப்புவேன். ஒரே ஒரு பிழைதான். அறுபத்தோரு பேரை அறுபத்திரெண்டுன்னு போட்டுட்டான்.”

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். அந்தக் கணக்கை இந்த அறையைத் தவிர வேறு எங்கும் அவள் சொன்னதில்லை.

ஃபாயெஸ் ரப்பர் தூளை ஊதினார். வரைபடத்தில் திடல் மறுபடி பச்சையாகத் தெரிந்தது.

“பிழை இல்ல, நர்ஸம்மா. அறுபத்திரெண்டாவது ஆள் நீங்க வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிச்சுட்டு இந்த நாற்காலிக்கு வந்துடுவான். பக்லாவா மட்டும் வேண்டாம். அவனுக்கும் சர்க்கரை.”