பல்வலிக்காரி

"வாயைத் திறம்மா, பார்க்கலாம்" என்றாள் எல்லைச் சாவடி அதிகாரி, கையில் டார்ச்சுடன்.

என் தம்பி மனைவி திறக்கவில்லை. மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

பல்வலி என் யோசனைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் பல் வைத்தியம் மலிவு. பாதிப் பஸ் அதற்குத்தான் போகிறது. போகும்போதே இவளுடைய வலது கன்னத்துக்குள் பஞ்சை அடக்கி, ஆறு மாத வயிற்றை என் பழைய ஸ்வெட்டருக்குள் மறைத்துக் கூட்டிப்போனேன். திரும்பும்போதும் அதே பஞ்சு, அதே கன்னம். இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது?

ஆனால் இப்போது இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"போறப்போ ஒரு பக்கம்தானே வீங்கியிருந்துச்சு?"

பாழாய்ப்போன ஞாபகசக்தி.

"சீழ் அந்தப் பக்கமும் பரவிடுச்சு மேடம். தையல் போட்டிருக்கு, திறந்தா ரத்தம் கொட்டும்" என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். அதில் நான் கெட்டிக்காரி. மாட்டினால் இவளுக்கும் ஜெயில், துணைக்குப் போன எனக்கும் ஜெயில்.

ஆசை ஆசையாய்ச் சுமந்த பிள்ளை. ஸ்கேனில் பார்த்தால் மண்டையோடே உருவாகவில்லை. பிறந்தாலும் ஒரு மணி நேரம் தாங்காது என்று சொன்ன டாக்டரே, கருவைக் கலைக்கத் தன்னால் முடியாது, சட்டம் அப்படி என்று கையை விரித்தார்.

இப்படிப்பட்ட பெண்களை எல்லை தாண்டி அலையவிடுவது கொடுமை என்று சர்வதேச மனித உரிமை நீதிமன்றம் போன வருஷமே எங்கள் அரசாங்கத்தைக் கண்டித்துவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டினேன். அந்தத் தீர்ப்பு எந்த ஆபீஸில் தூங்குகிறதோ, இந்தச் சாவடிக்கு வந்து சேரவில்லை. பரிசீலிக்கிறார்களாம். வயிற்றுப் பிள்ளை அதுவரை வளராமல் காத்திருக்குமா?

அதிகாரி டார்ச்சைக் கன்னத்தருகே கொண்டுவந்தாள். இவள் பின்னால் நகர்ந்தாள். போர்த்தியிருந்த சால்வை சரிந்தது.

மார்பில் துணி நனைந்திருந்தது. பால்.

குடிக்கப் பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது?

அதிகாரி பார்த்தாள். அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். தீர்ந்தது கதை என்று நினைத்தேன்.

டார்ச் அணைந்தது. அவளே சால்வையை எடுத்து இவள் தோளில் இழுத்துவிட்டாள்.

"போர்த்திக்கோ. பாலத்துக்கிட்ட இன்னொரு செக்கிங் இருக்கு" என்று முத்திரையைக் குத்திக் கொடுத்தாள்.

பஸ் கிளம்பிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் வந்தது. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பியதிலிருந்து இவள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கிளம்பும் முன் பைகளைக் கொட்டி மருந்துச் சீட்டு, மாத்திரை அட்டை என்று ஒன்றுவிடாமல் நான் பொறுக்கி எறிந்தபோதும் சும்மாதான் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை அங்கேயே அடக்கம் செய்தார்கள். கடைசியாகப் பார்க்க அவள் மட்டும் உள்ளே போனாள். எனக்குத் தைரியம் வரவில்லை.

"என் மேல என்னடி கோபம் உனக்கு? எதுக்கு ரெண்டு பக்கமும் பஞ்சை அடைச்சே? துப்பு முதல்ல" என்று கையை நீட்டினேன்.

வலது கன்னத்திலிருந்து பஞ்சு விழுந்தது.

இடது கன்னத்திலிருந்து விழவில்லை. அவளே விரலை விட்டு மெல்ல எடுத்தாள். ரப்பர் கையுறையிலிருந்து வெட்டிய ஒரு விரல். நுனியில் முடிச்சு. நர்ஸ் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும்.

அவிழ்த்தேன். உள்ளே, பிறந்த குழந்தையின் கையில் ஆஸ்பத்திரியில் கட்டுவார்களே, அந்தப் பட்டை. தாயின் பெயர் என்ற இடத்தில் இவள் பெயர். கீழே, பெண் குழந்தை.

எனக்குப் பெண் என்றே தெரியாது. நான் கேட்கவேயில்லை.

என் சுண்டுவிரலில் அதை மாட்டினேன். சரியாக நின்றது.

"எல்லாத்தையும் எறிஞ்சிட்டீங்களே அக்கா" என்றாள், வறண்ட தொண்டையோடு. "இது ஒண்ணையாவது விட்டுடுங்க."

பஸ்ஸின் வேகம் குறைந்தது. முன்னால் பாலம், போலீஸ், வரிசையாக வண்டிகள். அவள் அவசரமாகக் கையை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. தண்ணீர் பாட்டிலை அவள் கையில் திணித்தேன். பட்டையை அந்த ரப்பர் உறைக்குள் போட்டு, பழையபடி முடிச்சுப் போட்டு, என் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டேன்.

வீடு வந்து சேரும்வரை நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.